ஐம்பதை அறுபதாக்குவது எப்படி?



ஒவ்வொரு புதிய பள்ளி ஆண்டின் தொடக்கத்திலும் ஆசிரியர்களுக்கு ஒரு வேலை வந்து சேரும். மாணவர்களைப் பற்றிய பதிவுகளைத் திருத்தும் வேலைதான் அது. ஒருவர் வீடு மாறியிருப்பார். ஒருவருடைய தந்தை வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருப்பார். எல்லாப் பிள்ளைகளும் ஒரு வகுப்பு மேலே போயிருப்பார்கள். முன்பெல்லாம் தடித்த பேரேட்டை விரித்து வைத்து, பழைய எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, மேலே புதிய எண்ணை எழுதினோம். இன்று அந்தப் பேரேடு கணினிக்குள் குடிபோய்விட்டது. ஆனால் அடித்து எழுதும் வேலை மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

நூறு கோப்புகளில் ஒரே எண்ணை மாற்ற வேண்டுமென்றால், நூறையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டியதில்லை. கணினிக்குச் சில வரிகளில் ஆணை எழுதிக் கொடுத்தால் அதுவே செய்து முடித்துவிடும். அந்த வரிகளின் தொகுப்பை ஆணைத்தொடர் என்று சொல்லலாம்; ஆங்கிலத்தில் ஸ்கிரிப்ட் என்பார்கள். புதிதாகக் கற்பவர் ஒருவர் அத்தகைய ஆணைத்தொடரை எப்படி எழுத வேண்டும், எங்கே தவறுவார் என்பதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

நான் கணினி நிபுணன் அல்லேன். தோட்டப் பள்ளி ஆசிரியன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றது தமிழும் கணக்கும் பிள்ளைகளின் உளவியலும்தான். ஆணைத்தொடர் எழுதுவதை நாற்பது வயதுக்குமேல் நானாகவே கற்றுக்கொண்டேன். ஆகவே, எங்கே தவறுவார் என்று நான் சொல்வது பிறரைப் பார்த்துச் சொல்வதன்று. நானே தவறிய இடத்தைத்தான் சொல்கிறேன்.

முதலில் எழுத்துக் கோப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். வண்ணம், படம், தடித்த எழுத்து, கட்டம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்துகளை மட்டும் வரிவரியாக வைத்திருக்கும் கோப்பே எழுத்துக் கோப்பு. பள்ளிக்கூடச் சிலேட்டைப் போன்றது அது. எங்கள் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு ஒரு கோப்பு வீதம் 86 கோப்புகள் வைத்திருந்தேன். ஒரு வரியில் பெயர், அடுத்த வரியில் ஆண்டு, பிறகு பிறப்புப் பத்திர எண், வீட்டு எண், வேன் கட்டணம், கட்டண நிலுவை என்று ஒவ்வொன்றும் தனி வரி. ஒவ்வொரு வரியிலும் முதலில் தலைப்பு, அடுத்து முக்காற்புள்ளி, அதன்பின் மதிப்பு. உதாரணமாக, ‘வேன் கட்டணம்: 50’ என்று இருக்கும். இதில் ‘வேன் கட்டணம்’ என்பது தலைப்பு. 50 என்பது மதிப்பு.

எங்கள் மாணவர்களில் 74 பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வேனில் வருகிறவர்கள். மற்ற 12 பேர் நடந்து வருகிறவர்கள். ஓர் ஆண்டு, எண்ணெய்ச் செலவு கூடிவிட்டதால் மாதக் கட்டணத்தை 50 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாக்கப் பெற்றோர் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். அப்போதுதான் நான் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டிருந்த நேரம். கற்றதைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசை யாரை விட்டது? எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திற. 50 என்று வரும் இடத்திலெல்லாம் 60 என்று மாற்று. அதே கோப்பில் எழுதி மூடு. இவ்வளவுதான் நான் எழுதிய ஆணை. ஐந்தாறு வரிதான் இருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. அன்று மாலையே அந்தக் கோப்புகளிலிருந்து கட்டணக் கடிதங்களை அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலையில் ஓர் அம்மா பள்ளிக்கு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்பவர். கையில் நான் அனுப்பிய கடிதம். இன்னொரு கையில் மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதும் அந்தச் சின்ன 555 புத்தகம்.

“சார், எனக்கு மூணு மாசப் பாக்கி இருக்கு. அதை நான் இல்லேன்னு சொல்லலே. மூணு அம்பது நூத்தம்பது. இந்தக் கடுதாசியிலே நூத்தறுபதுன்னு போட்டிருக்கு. புது ரேட்டுலே போட்டீங்கன்னா கூட மூணு அறுபது நூத்தி எண்பதுதானே வரணும்? இது பழைய கணக்கும் இல்லே, புதுக் கணக்கும் இல்லே. இது எந்தக் கணக்கு சார்?”

நேயர்களே, அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. “உட்காருங்கம்மா, பார்க்கிறேன்” என்று சொல்லி அவர் பிள்ளையின் கோப்பைத் திறந்தேன். அவர் சொன்னது சரி. நிலுவை 150 வெள்ளி என்று இருந்தது 160 வெள்ளி ஆகியிருந்தது. ஏன்? 150 என்ற எண்ணை உற்றுப் பாருங்கள். முதலில் ஒன்று, அதை அடுத்து ஐந்தும் சுழியமும். அந்த ஐந்தும் சுழியமும் சேர்ந்து 50 என்று நிற்கிறது அல்லவா? கணினி அதைக் கண்டது. சொன்னபடியே 60 ஆக்கியது. அவ்வளவுதான்.

பிறகு மற்றக் கோப்புகளைப் பார்த்தேன். நெஞ்சு படபடத்தது. 50ஆம் எண் வீட்டில் இருந்த பிள்ளை 60ஆம் எண் வீட்டுக்குப் போயிருந்தான். கோலாலம்பூரில் இருக்கும் மாமாவின் முகவரியில் அஞ்சல் குறியீடு 50450 என்று இருந்தது. அது 60460 என்று உருமாறியிருந்தது. எல்லாவற்றையும்விட மோசம், சில பிள்ளைகளின் பிறப்புப் பத்திர எண்களும் மாறியிருந்தன. அந்த எண்ணை வைத்துத்தான் மேற்பள்ளிக்கு விண்ணப்பப் பாரம் நிரப்புகிறோம். அந்த அம்மா வந்து கேட்டிராவிட்டால், பிழையான எண் பாரத்திலிருந்து பாரத்துக்குப் போய், அதன் பயனைப் பிற்காலத்தில் அந்தப் பிள்ளைதான் அனுபவித்திருக்கும்.

இனி 60ஐயெல்லாம் திரும்பவும் 50 ஆக்கிவிட்டால் பழையபடி ஆகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முதலிலிருந்தே 60 என்று இருந்த எண்களும் கோப்புகளில் உண்டு. 60ஆம் எண் வீடு ஒன்று இருந்தது. எது பிறவி 60, எது நான் உண்டாக்கிய 60 என்று கணினிக்குத் தெரியாது. இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டிக் கலந்தபின் எந்தத் துளி எந்தக் குடத்தது என்று பிரிக்க முடியுமா? நகல் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. அலமாரியில் இருந்த பழைய காகிதப் பதிவுகளை எடுத்து, மூன்று மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுத் திருத்தினேன். கண்ணிமைக்கும் நேரத்தில் செய்த வேலையைத் திருத்த மூன்று நாள்!

இந்த அனுபவத்தை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு விளையாட்டாகவே நடத்திக் காட்டினேன். ஒரு மாணவியைக் கணினியாக உட்கார வைத்தேன். கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்து, “ஐந்தும் அதை அடுத்துச் சுழியமும் வரும் இடத்திலெல்லாம் அடித்துவிட்டு 60 என்று எழுது, வேறு எதையும் யோசிக்காதே” என்றேன். முதல் இரண்டு வரிகளைத் திருத்தினாள். நிலுவை 150 என்ற வரி வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு, “சார், இது தப்பா வருமே?” என்று கேட்டாள். நான் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, “கணினிக்கும் இவளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இவள் கேட்டாள்; கணினி கேட்காது” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் பாடம் அதுதான். நாம் எண்ணென்று பார்ப்பதைக் கணினியின் மாற்றும் ஆணை வெறும் எழுத்து வரிசையாகவே பார்க்கிறது. அது கட்டணமா, கடனா, வீட்டு எண்ணா என்பதெல்லாம் அதற்கு ஒன்றே.

இந்த மாற்றும் ஆணை இன்று நேற்று வந்ததன்று. 1970களிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் லீ மெக்மேகன் என்பவர் ‘செட்’ என்ற சிறு கருவியை எழுதினார். எழுத்துக் கோப்பை வரிவரியாகப் படித்து, ஒரு சொல்லுக்குப் பதிலாக இன்னொன்றை வைத்துக்கொண்டே போகும் கருவி அது. இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. அதில் ஒரு நுட்பம் உண்டு. தனியாகச் சொல்லாவிட்டால், ஒரு வரியில் முதலில் வருவதை மட்டும்தான் அது மாற்றும். வரி முழுவதும் மாற்ற வேண்டுமென்றால் கடைசியில் ‘ஜி’ என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழியில் இது நேர்மாறு. அதன் ‘ரிப்ளேஸ்’ ஆணை, நாம் தடுக்காவிட்டால், கண்ட இடத்திலெல்லாம் மாற்றிவிடும். ஆகவே எந்தக் கருவியைக் கையில் எடுக்கிறோமோ அதன் பழக்கத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பவர் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அறிந்தே மரத்தில் வைக்கிறார். சற்று ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பது நம் தாய்தந்தையருக்குத் தெரிந்த செய்திதானே?

சரி, முறையாக எழுதுவது எப்படி? வானொலியில் எழுத்தைக் காட்ட முடியாது. ஆகவே படிகளை மட்டும் சொல்கிறேன். கேட்பவர்கள் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதற்படி, நகல். கோப்புகள் இருக்கும் கோப்புறையை அப்படியே படியெடுத்து, ‘பழையது’ என்று பெயரிட்டு ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். ஆணைத்தொடர் அதைத் தொடவே கூடாது. புதிய கோப்புகளை ‘புதியது’ என்ற வேறொரு கோப்புறையில் எழுதச் சொல்லுங்கள். பைத்தானில் ஒரு கோப்பை எழுதுவதற்கென்று, அதாவது ‘டபிள்யூ’ என்ற குறியோடு, திறந்த அந்தக் கணமே அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். எழுதுவதற்காகத் திறந்துவிட்டு, ‘இனி உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்போம்’ என்று போனால் வெற்றுத்தாள்தான் இருக்கும். புதிதாகக் கற்பவர் பலர் இந்தக் குழியில் விழுகிறார்கள். முதலில் படிக்க வேண்டும், மாற்ற வேண்டும், பிறகுதான், அதுவும் வேறிடத்தில், எழுத வேண்டும்.

இரண்டாம் படி, பெயரிடுதல். படித்த எழுத்தை ஒரு பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். 2008இல் வந்த பைத்தான் மூன்றாம் பதிப்பிலிருந்து அந்தப் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி. ‘பழைய_வரி’, ‘புதிய_வரி’ என்று எழுதினால் பிள்ளைகளுக்கும் எளிதாக விளங்கும். இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ரிப்ளேஸ்’ ஆணை பழைய எழுத்தைத் திருத்துவதில்லை. திருத்திய புதிய பிரதி ஒன்றைத் தருகிறது. அந்தப் பிரதியை வாங்கி ஒரு பெயரில் வைக்காவிட்டால் அது காற்றோடு போய்விடும். ஆணை கொடுத்தேன், ஒன்றும் மாறவில்லையே என்று திகைப்பவர்கள் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாம் படியே உயிரான படி. மதிப்பைத் தனியாகத் தேடாதீர்கள்; தலைப்போடு சேர்த்துத் தேடுங்கள். கோப்பை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் எடுத்து, ‘இந்த வரி முழுவதும் வேன் கட்டணம்: 50 என்பதற்குச் சமமா?’ என்று கேளுங்கள். சமமானால் ‘வேன் கட்டணம்: 60’ என்று எழுதுங்கள். சமமில்லாவிட்டால் அந்த வரியை உள்ளபடியே எழுதிவிடுங்கள். வரியின் தொடக்கம் மட்டும் ஒத்திருந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. அப்படிச் செய்தால் ‘வேன் கட்டணம்: 500’ என்று ஒரு வரி இருந்தால் அதுவும் 600 ஆகும். முழு வரியும் ஒத்திருக்க வேண்டும். இப்படிச் செய்தால் நிலுவைக்கும் வீட்டு எண்ணுக்கும் பிறப்புப் பத்திர எண்ணுக்கும் ஆபத்தில்லை. தெருவில் நின்று ‘தம்பி’ என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். தகப்பன் பெயரும் வீட்டு எண்ணும் சேர்த்துக் கூப்பிட்டால் உரியவன் மட்டும் வருவான். அதே முறைதான் இது.

நான்காம் படி, எண்ணிக்கை. மாற்றிய வரிகளை ஆணைத்தொடர் எண்ணிக்கொண்டே வரட்டும். முடிவில் எத்தனை என்று திரையில் காட்டட்டும். எத்தனை வர வேண்டும் என்பதை நாம் முன்னதாகவே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் 74 வர வேண்டும். திருத்திய ஆணைத்தொடரை நான் முதன்முறை ஓட்டியபோது வந்தது 71. மூன்று எங்கே? தேடிப் பார்த்தால், மூன்று கோப்புகளில் வேறொருவர் தட்டெழுதியபோது முக்காற்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தார். நம் கண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கணினிக்கு இடைவெளியும் ஓர் எழுத்து. அந்த மூன்றையும் கையால் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினேன், 74 வந்தது. எண்ணிக்கை கூடினால் மாறக் கூடாதது மாறியிருக்கிறது. குறைந்தால் மாற வேண்டியது விட்டுப்போயிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. எண்ணிக்கை ஒத்துவந்த பிறகும் ஐந்தாறு கோப்புகளைத் திறந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

இனி, ஆசிரியர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சொல்கிறேன். ஆண்டு முடிவில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வகுப்பு ஏற்ற வேண்டும். ‘ஆண்டு: 1’ என்பதை ‘ஆண்டு: 2’ ஆக்கு, 2ஐ 3 ஆக்கு, 3ஐ 4 ஆக்கு என்று வரிசையாக ஆறு ஆணைகளை எழுதினால் என்ன ஆகும்? முதல் ஆணையில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை இரண்டாம் ஆண்டுக்குப் போகும். அடுத்த ஆணை வரும்போது அந்தப் பிள்ளை இரண்டில் நிற்கிறது அல்லவா? உடனே மூன்றுக்கு ஏற்றப்படும். அப்படியே நான்கு, ஐந்து, ஆறு என்று ஏறி, ஒரே மூச்சில் பள்ளிப் படிப்பையே முடித்து வெளியே வந்துவிடும்! நேற்று அகரம் எழுதிய குழந்தை இன்று படிப்பு முடித்தவர் ஆகிவிடும்.

இதற்கு வழி, மேலிருந்து கீழே வருவது. முதலில் ஆறாம் ஆண்டை ‘முடித்தவர்’ ஆக்குங்கள். பிறகு ஐந்தை ஆறாக்குங்கள். கடைசியில் ஒன்றை இரண்டாக்குங்கள். ஏணியில் மேலே நிற்பவர் நகர்ந்தால்தானே கீழே நிற்பவர் ஏற முடியும்? இதைவிடச் சிறந்த வழி, ஒரு வரியை ஒரே ஒரு முறை பார்த்து, ஒரே ஒரு முறை முடிவு செய்து, அடுத்த வரிக்குப் போய்விடுவது. அப்போது இரட்டை ஏற்றம் நேராது. இரண்டு மதிப்புகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றுவதற்கும் இதே கவனம் வேண்டும். ஒரு குவளையில் காப்பியும் மற்றொன்றில் தேநீரும் இருந்தால், இடம் மாற்றுவதற்கு மூன்றாவது குவளை ஒன்று தேவையல்லவா? அதுபோல இடையில் தற்காலிகமாக வேறொரு சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பேற்றும் ஆணைத்தொடரை மறதியாக இரண்டு முறை ஓட்டிவிட்டால் எல்லாரும் இரண்டு வகுப்பு ஏறிவிடுவார்கள். வேன் கட்டணத்துக்கு இந்த அச்சம் இல்லை. 50 என்பது ஒரு முறை 60 ஆகிவிட்டால் மறுமுறை தேடும்போது 50 அங்கே இருக்காது. வகுப்பேற்றத்துக்குக் காவல் ஒன்று வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் ‘பதிவு ஆண்டு: 2025’ என்பது போல ஒரு வரி இருக்கட்டும். அந்த வரி 2025 என்று இருந்தால் மட்டும் வகுப்பை ஏற்றி, அதையும் 2026 ஆக்கச் சொல்லுங்கள். மறுபடி ஓட்டினால், இந்தக் கோப்பு முன்பே ஏற்றப்பட்டது என்று கண்டு ஒதுங்கிவிடும்.

கடைசியாக, நம் தமிழுக்கே உரிய ஒரு செய்தி. 1991இல் வெளிவந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. கோப்பைப் படிக்கும்போதும் எழுதும்போதும் ‘யூ.டி.எஃப். 8’ என்ற குறிமுறையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் சில கணினிகளில் தமிழ் எழுத்துகள் விளங்காத குறிகளாகக் கலைந்துவிடும்.

அதைச் சொன்ன பிறகும் ஒரு நுட்பம் மிச்சம் இருக்கிறது. ‘கோமதி’ என்ற பெயரில் உள்ள ‘கோ’வை இரண்டு விதமாகக் கோப்பில் வைக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒரு விதம். இரட்டைக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. பைத்தானில் ‘நார்மலைஸ்’ என்ற ஆணை இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். தேடுவதற்கு முன் அதைச் செய்துகொள்வது நல்லது. ‘கௌரி’யில் வரும் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டெழுதியவர்களும் உண்டு. அந்த ஆணையாலும் இதைத் திருத்த முடியாது; நம் கண்தான் திருத்த வேண்டும். பிள்ளைகளுக்கு எழுத்தைச் சரியாகத் தட்டெழுதக் கற்றுக்கொடுப்பது ஏன் வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

நேயர்களே, இவ்வளவையும் கேட்டபின், கையாலேயே திருத்திவிட்டுப் போகலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படி நினைக்க வேண்டாம். கையால் செய்யும்போதும் தவறு வரும். நாற்பதாவது கோப்பில் கண் அயரும், எழுபதாவது கோப்பில் கை தவறும். முறையாக எழுதிய ஆணைத்தொடர் அயராது. ஆனால் நாம் சொன்னது சரியானால் சரியை எல்லா இடத்திலும் பரப்பும். நாம் சொன்னது தவறானால் தவறையும் அதே வேகத்தில், அதே அச்சுச் சுத்தத்தோடு பரப்பும். அச்சில் வந்த கடிதத்தை ஏழை எளிய பெற்றோர் சந்தேகிக்கத் தயங்குவார்கள். அதனால்தான் அனுப்புகிறவருக்குப் பொறுப்பு அதிகம்.

அந்த அம்மாவுக்குத் திருத்திய கடிதத்தை நானே கையில் கொடுத்து, தவறு என்னுடையது என்று சொல்லி வருத்தம் தெரிவித்தேன். பிழையான நிலுவையோடு கடிதம் போன மற்ற ஆறு வீடுகளுக்கும் திருத்தம் அனுப்பினேன். அந்த ஆறு பேரில் ஒருவரும் அதுவரை வந்து கேட்டிருக்கவில்லை. அந்த அம்மா கடிதத்தை வாங்கி, 555 புத்தகத்தைத் திறந்து, விரல் மடக்கி ஒரு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “கம்ப்யூட்டர் போட்டதுன்னாலும் நாங்க ஒரு தடவ கூட்டிப் பாத்துக்கிறோம் சார்” என்றார்.

ஆணைத்தொடர் எழுதக் கற்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுதான். ஓட்டுவதற்கு முன் ஒரு நகல்; ஓட்டியபின் ஒரு கூட்டல். இந்த இரண்டையும் பழக்கமாக்கிக்கொண்டு தொடங்குங்கள்.